கால் வைக்க முடியாத இடத்தின் பசுமையை அளப்பது எப்படி: செயற்கைக்கோள் படங்களோடு படிப்படியாக

செர்னோபில் விலக்கு மண்டலம், ஃபுகுஷிமாவில் மூடப்பட்ட ஊர்கள், 1995-இல் எரிமலை குமுற ஆரம்பித்தபின் கைவிடப்பட்ட கரீபியக் கடலின் மான்செராட் தீவின் தெற்குப் பகுதி என்று இப்படிப்பட்ட இடங்களில் தாவரம் எப்படி மாறுகிறது என்று படங்களை வைத்துச் சொல்ல நினைப்பவர்களுக்கு இது. மென்பொருளை ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு மூன்று நாள் போதும். சிக்கல் அங்கே இல்லை. சாதாரணக் காடாக இருந்தால் சந்தேகம் வரும்போது யாராவது போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்; இங்கே யாரும் போக முடியாது, அதனால் முதல் படியில் செய்த தப்பு கடைசி வரைபடம்வரை அழகாக வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எட்டாவது படியில் தொடங்கி, வண்ண வரைபடம் வந்த மகிழ்ச்சியில் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நாலைந்து படங்களை மட்டும் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் செயற்கைக்கோள் படங்களைத் தரும் கோப்பர்நிகஸ் பிரவுசர் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்றும், கணினியில் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் போதும். முப்பது நாற்பது ஆண்டுத் தொடர் வேண்டும் என்றால் கணக்கை இணையத்திலேயே செய்துதரும் கூகுள் எர்த் எஞ்சினுக்குப் போய்விடுங்கள். வணிகம் அல்லாத வேலைக்குப் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் பயன்படுத்தலாம், படங்களைத் தரவிறக்கி வட்டை நிரப்ப வேண்டியதில்லை. பழைய லேண்ட்சாட் (அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசை) படங்களைத் தனித்தனியாகப் பார்த்து எடுக்க எர்த் எக்ஸ்ப்ளோரர் தளம் இருக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது ஒரு நிகழ்வுப் பட்டியல். அந்த இடத்தில் எந்த ஆண்டு என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செர்னோபிலுக்கு: 1986 ஏப்ரல் 26 அணு உலை விபத்து, அதன்பின் செத்த பைன் மரங்களை இயந்திரம் வைத்துச் சாய்த்துக் குழியில் புதைத்தது, 2014 முதல் குளிர்விப்புக் குளத்தின் நீர்மட்டம் இறங்கியது, 2015-லும் 2020-லும் ஏப்ரல் மாதத்தில் பரவிய காட்டுத்தீ, 2022 தொடக்கத்தில் ரஷ்யப் படைகள் உள்ளே வந்தது. இந்தத் தாள் இல்லாமல் வரைபடத்தைப் பார்த்தால், கண்ணில் படும் எல்லா மாற்றத்துக்கும் கதிர்வீச்சே காரணம் என்று தோன்றும். கதிர்வீச்சு இந்தப் படங்களில் தெரியாது. தெரிவது இலை, மண், தண்ணீர், சாம்பல், நிழல், அவ்வளவுதான்.

## 2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"தாவரம் எப்படி மாறியது" என்பது கேள்வி ஆகாது. "1986-க்கு முன் பயிரிட்ட நிலங்களில் எவ்வளவு பரப்பு இன்று மரக்காடாகிவிட்டது" என்பது கேள்வி. "2020 தீயில் எரிந்த இடம் எத்தனை ஆண்டில் பழைய பசுமைக்கு வந்தது" என்பது இன்னொன்று.

இரண்டுக்கும் செயற்கைக்கோள் வேறு, மாதம் வேறு, கணக்கு வேறு. முதல் கேள்விக்கு லேண்ட்சாட் இல்லாமல் முடியாது. இரண்டாவதற்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் போதும். கேள்வியை எழுதாமல் படம் தேட உட்கார்ந்தால், கிடைத்த படத்துக்கு ஏற்றமாதிரி கேள்வி வளைந்துவிடும்.

## 3. எல்லையை வரையுங்கள், கூடவே ஒப்பீட்டுப் பகுதியையும்

செர்னோபில் என்றதும் பலர் அணு உலையை நடுவில் வைத்து 30 கிலோமீட்டர் வட்டம் போடுகிறார்கள். அது 1986-இல் அவசரத்துக்குப் போட்ட வட்டம். உக்ரைன் பக்கத்தில் இன்றைய மண்டலம் சுமார் 2,600 சதுர கிலோமீட்டர், வட்டமாகவும் இல்லை. எல்லைக்கு அப்பால் பெலாரூஸ் பக்கம் தனிக் காப்பகமாக இருக்கிறது. அதிகாரபூர்வ எல்லைக் கோப்பைத் தேடி எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் எல்லை எது என்று அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் மண்டலத்தை ஒரே துண்டாக வைத்துச் சராசரி எடுக்காதீர்கள். பைன் காடு, இலையுதிர் காடு, கைவிட்ட வயல், சதுப்பு, ஊர், குளம் என்று பிரியுங்கள். காரணம் அந்தக் குளிர்விப்புக் குளத்திலேயே இருக்கிறது: 2014-க்குப் பின் தண்ணீர் வடிந்த தரையில் புல்லும் புதரும் வந்துவிட்டன. தண்ணீருக்குத் தாவரக் குறியீடு (பசுமையைக் காட்டும் எண், கணக்கு எட்டாம் படியில்) பெரும்பாலும் சுழிக்குக் கீழே இருக்கும், புல்லுக்கு நன்றாக மேலே. ஆக, காட்டில் ஒரு மரம்கூட மாறாமலேயே மொத்தச் சராசரி ஏறும். அதைப் பார்த்துவிட்டு "காடு செழிக்கிறது" என்று எழுதினால் நாம் உண்மையில் எழுதியது குளத்தைப் பற்றி.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு பிக்சல் அகலத்தை உள்பக்கமாகக் கழித்துவிடுங்கள். ஓரப் பிக்சலில் பாதி காடும் பாதி சாலையும் கலந்திருக்கும்.

இனி ஒப்பீட்டுப் பகுதி. மண்டலத்துக்கு வெளியே, ஆனால் அதே மண், அதே மழை, அதே வகைக் காடு உள்ள இரண்டு மூன்று இடங்களை இப்போதே வரைந்துவிடுங்கள். வறட்சி வந்தால் இரண்டிலும் பசுமை குறையும், செயற்கைக்கோளின் கருவி மாறினால் இரண்டிலும் எண் துள்ளும். உள்ளே மட்டும் மாறி வெளியே மாறாததுதான் உங்கள் செய்தி. இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், முடிவுக்கு ஒத்துவரும் இடத்தைக் கை தானாகவே தேர்ந்தெடுக்கும், மனிதக் கை அப்படித்தான்.

வெளியே இருக்கும் காட்டில் மரம் வெட்டுவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். வெட்டிய கட்டங்கள் படத்தில் நேர்க்கோட்டு ஓரத்தோடு பளிச்சென்று தெரியும். அவற்றை ஒப்பீட்டுப் பகுதியிலிருந்து நீக்கிவிடுங்கள்.

## 4. ஆண்டுக்கு ஏற்ற செயற்கைக்கோளைத் தேர்ந்தெடுங்கள்

சென்டினல்-2 படம் 10 மீட்டர் துல்லியத்தில் அழகாக இருக்கும், அதனால் எல்லாரும் அதில் போய் விழுகிறார்கள். முதல் சென்டினல்-2 ஏவப்பட்டது 2015 ஜூனில். ஃபுகுஷிமா விபத்து 2011 மார்ச்சில். விபத்துக்கு முந்தைய படம் ஒன்றுகூட அதில் கிடைக்காது, முந்தைய நிலை தெரியாமல் மாற்றம் என்று எதைச் சொல்வது?

லேண்ட்சாட்-5 1984 மார்ச்சில் ஏவப்பட்டது, 30 மீட்டர் பிக்சல். செர்னோபிலுக்கு 1984, 1985 கோடைகள்தான் அடிப்படை ஆண்டுகள். லேண்ட்சாட்-7 1999 முதல், லேண்ட்சாட்-8 2013 முதல், லேண்ட்சாட்-9 2021 முதல்.

இதற்குள் ஓர் ஓட்டை இருக்கிறது. லேண்ட்சாட்-5 2011 நவம்பரில் படம் எடுப்பதை நிறுத்திவிட்டது. லேண்ட்சாட்-7-இல் ஒரு பாகம் 2003 மே மாதக் கடைசியில் பழுதானதால் அதற்குப் பிந்தைய ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 சதவீதம் கோடுகோடாக விடுபட்டிருக்கும். ஆக 2012-க்குக் கோடு விழுந்த படம் மட்டுமே. ஃபுகுஷிமாவுக்கு இது விபத்துக்கு அடுத்த ஆண்டு, மிகவும் தேவைப்படும் ஆண்டு. அந்தக் கோடுகளைப் பக்கத்துப் பிக்சலை வைத்து நிரப்பாதீர்கள். பல தேதிப் படங்களைச் சேருங்கள். ஒவ்வொரு தேதியிலும் கோடு சற்று நகர்ந்து விழும் என்பதால் பெரும்பகுதி தானாக நிரம்பிவிடும். மிச்சத்தை வெற்றிடமாகவே விடுங்கள்.

## 5. தேதிகளை ஒழுங்குபடுத்துங்கள்

நான் பார்த்த தப்புகளில் பாதிக்கு மேல் இங்கேதான். ஒருவர் 1986 ஏப்ரல் படத்தையும் 2019 ஜூலை படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காடு மீண்டுவிட்டது என்று காட்டினார். ஏப்ரலில் அங்கே பிர்ச் மரத்தில் இலையே சரியாக வந்திருக்காது. அவர் அளந்தது முப்பத்து மூன்று ஆண்டை அல்ல, மூன்று மாதத்தை.

செர்னோபிலுக்கு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை ஒரே சாளரம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா ஆண்டுக்கும் அதே சாளரம். அதற்குள் வரும் எல்லாப் படங்களிலிருந்தும் பிக்சல் வாரியாக நடு மதிப்பை (மீடியன்) எடுங்கள். ஒற்றைப் படத்தில் மெல்லிய புகையோ மேக விளிம்போ இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, நடு மதிப்பில் அது தானாக ஒதுங்கிவிடும். கூடவே ஒரு பிக்சலுக்கு எத்தனை தெளிவான பார்வை கிடைத்தது என்று எண்ணி ஓர் அடுக்கு செய்யுங்கள். மூன்றுக்குக் குறைவாக இருக்கும் இடங்களை நான் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுவேன்.

கோடை மட்டும் பார்த்தால் இன்னொன்று தப்பிவிடும். செர்னோபில் உலைக்கு அருகில் உள்ள செந்நிறக் காட்டில் பைன் மரங்கள் செத்தன. பிறகு அங்கே பிர்ச் அதிகமாக முளைத்தது. ஜூலை படத்தில் இரண்டும் பச்சை. பனி உருகி, இலை வருவதற்கு முன் உள்ள ஒன்றிரண்டு வாரங்களில் எடுத்த படத்தில் பைன் மட்டும் பச்சையாக நிற்கும், பிர்ச் பழுப்பாக இருக்கும். பசுமை திரும்பியதா, பழைய காடு திரும்பியதா என்ற வேறுபாட்டை இந்த ஒரு கூடுதல் தேதிதான் சொல்லும்.

ஃபுகுஷிமாவின் நெல்வயல்களுக்கு ஒரு சாளரம் போதவே போதாது. பயிரிடும் வயல் மே மாதம் தண்ணீரோடு நிற்கும், ஆகஸ்டில் பச்சை உச்சம், அக்டோபரில் அறுவடை முடிந்து வெறுமை. கைவிட்ட வயலில் மே மாதத் தண்ணீர் இருக்காது, களை முன்னதாகவே பசுமையாகும், இலையுதிர் காலத்தில் அறுவடைச் சரிவு இருக்காது. ஆகஸ்டை மட்டும் ஒப்பிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மே, ஆகஸ்ட், அக்டோபர் மூன்றையும் சேர்த்து ஆண்டின் வளைவையே ஒப்பிடுங்கள். ஓர் ஊருக்குத் தடை நீங்கி மக்கள் திரும்பினார்களா என்பதைக்கூட மே மாதத் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும். நரஹாவில் 2015-லும் ஈதாதேவின் பெரும்பகுதியில் 2017-லும் தடை நீங்கியது, அந்த ஆண்டுகளின் இருபுறமும் பாருங்கள்.

## 6. எண்களைச் சரிசெய்யுங்கள்

அலுப்பான படிதான். இதைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்திருக்கிறார்கள், நானும்தான்.

வளிமண்டலத் திருத்தம் செய்த இரண்டாம் நிலைப் படங்களையே எடுங்கள். முதல் நிலையில் காற்றில் உள்ள தூசியும் ஈரமும் கலந்திருக்கும், அது தேதிக்குத் தேதி மாறும்.

லேண்ட்சாட் இரண்டாம் தொகுப்பின் எண்களை 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழித்தால்தான் எதிரொளிப்பு மதிப்பு, அதாவது விழுந்த ஒளியில் எவ்வளவு திரும்பியது என்பது, வரும். குறியீடு விகிதம்தானே, பெருக்கல் அடிபட்டுவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெருக்கல் அடிபடும், கழித்தல் அடிபடாது. சிவப்பில் 3 சதவீதமும் அண்மை அகச்சிவப்பில் 35 சதவீதமும் எதிரொளிக்கும் நல்ல காட்டுக்கு உண்மையான என்டிவிஐ (முன்பு சொன்ன தாவரக் குறியீடு) 0.84. திருத்தாத எண்ணில் போட்டால் 0.41 வரும். பாதி காடு காணாமல் போய்விட்டது!

சென்டினல்-2-லும் இதே கதை, இன்னும் நயவஞ்சகமாக. 2022 ஜனவரி 25 முதல் செயலாக்க முறை மாறி, ஒவ்வொரு எண்ணிலும் 1000 கூடுதலாக வருகிறது, அதைக் கழிக்க வேண்டும். எனக்கு இது தெரியாமல் இருந்த காலத்தில் செர்னோபில் பைன் காட்டுக்கு ஒரு தொடர் போட்டேன், 2022-இல் கோடு படீரென்று இறங்கியது. அந்த ஆண்டு அங்கே என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே போரும் தீயும்தான் காரணம் என்று ஒரு பத்தியே எழுதிவிட்டேன். அனுப்பும் முன் ஒப்பீட்டுப் பகுதியின் கோட்டைப் போட்டுப் பார்த்தால் அதுவும் அதே அளவு இறங்கியிருக்கிறது, போரின் தடமே இல்லாத இடத்திலும். அப்போதுதான் உறைத்தது. எர்த் எஞ்சினில் ஹார்மனைஸ்டு என்று பெயர் சூட்டிய சென்டினல்-2 தொகுப்பை எடுத்தால் இந்தத் திருத்தத்தை அவர்களே செய்துவிடுவார்கள்.

அடுத்தது பட்டை எண். கருவி ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனிப் பட்டையாகப் பதிகிறது. லேண்ட்சாட்-5, 7 இரண்டிலும் சிவப்பு மூன்றாம் பட்டை, அண்மை அகச்சிவப்பு நான்காம் பட்டை. லேண்ட்சாட்-8, 9-இல் சிவப்பு நான்கு, அண்மை அகச்சிவப்பு ஐந்து. சென்டினல்-2-இல் நான்கும் எட்டும். பழைய நிரலை அப்படியே புதிய படத்தில் ஓட்டினால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஏதோ ஓர் எண் வரும், அது தப்பு என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

பட்டை எண் சரியாக இருந்தாலும் கருவிகள் ஒன்றல்ல. லேண்ட்சாட்-5-இன் அண்மை அகச்சிவப்புப் பட்டை 0.76 முதல் 0.90 மைக்ரோமீட்டர்வரை அகலமானது; லேண்ட்சாட்-8-இல் அது 0.85 முதல் 0.88வரை மட்டும். அதனால் புதியதில் என்டிவிஐ சற்றுக் கூடுதலாக வரும். 2013-இல் ஒரு சின்ன ஏற்றம் தெரிந்தால் உடனே கொண்டாட வேண்டாம். இரண்டு கருவிகளும் படம் எடுத்த ஆண்டுகளை வைத்து, லேண்ட்சாட்-7-ஐப் பாலமாகக் கொண்டு, வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சரிசெய்யுங்கள்.

இன்னும் ஒன்று, வரைபட வீழல், அதாவது உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் முறை. செர்னோபில் அணு உலை கிழக்குத் தீர்க்கரேகை 30.1 பாகையில் இருக்கிறது. பூமியை நெடுக்காகப் பிரிக்கும் யூடிஎம் வலயங்களில் 35 முடிந்து 36 தொடங்குவது சரியாக 30 பாகையில். ஆக விலக்கு மண்டலம் இரண்டு வலயங்களிலும் கால் வைத்து நிற்கிறது, தரவிறக்கும் துண்டுகளும் இரண்டு வலயங்களில் வரும். எல்லாவற்றையும் ஒரே வீழலுக்கு முதலில் மாற்றுங்கள். மாற்றும்போது எதிரொளிப்புப் பட்டைகளுக்கு இடைமதிப்பு முறை சரி, ஒவ்வொரு பிக்சலும் மேகமா, நிழலா, தண்ணீரா என்று எண்ணால் சொல்லும் வகை அடுக்குக்கு மட்டும் அண்மைப் பிக்சல் முறைதான். சென்டினல்-2 வகை அடுக்கில் மேக நிழலுக்கு எண் 3, அடர்ந்த மேகத்துக்கு 9. இரண்டுக்கும் இடைமதிப்பு 6, அது தண்ணீரின் எண். வானத்தில் ஏரி முளைப்பது இப்படித்தான்.

பரப்பளவை இணைய வரைபடங்களின் மெர்கேட்டர் வீழலில் கணக்கிடாதீர்கள். செர்னோபில் இருக்கும் அகலாங்கில் அது பரப்பை இரண்டரை மடங்குக்கு மேல் ஊதிக் காட்டும்.

## 7. மேகம், நிழல், பனியை வெட்டுங்கள்

மேகத்தைவிட அதன் நிழல் ஆபத்தானது. மேகம் வெள்ளையாகக் கண்ணில் படும், நிழல் கருமையாக எரிந்த காடு போலவே இருக்கும். லேண்ட்சாட்டில் தர அடுக்கின் மூன்றாம் பிட் மேகம், நான்காம் பிட் நிழல், ஐந்தாம் பிட் பனி. சென்டினல்-2 வகை அடுக்கில் 3, 8, 9, 10, 11 ஆகிய எண்களை நீக்குங்கள்.

தானியங்கி முறையை முழுசாக நம்ப வேண்டாம். வெளிறிய கூரையையும் மணலையும் அது மேகம் என்று நினைக்கும். ஐந்தாறு படங்களையாவது கண்ணால் பாருங்கள். இந்தப் படங்கள் முற்பகலில் எடுப்பவை, ஆகவே இந்த அகலாங்குகளில் நிழல் மேகத்தின் வடமேற்குப் பக்கம் விழ வேண்டும். கரும்புள்ளிக்குத் தென்கிழக்கில் மேகமே இல்லை என்றால் அது நிழலாக இருக்க வாய்ப்பில்லை.

## 8. குறியீட்டைக் கணக்கிடுங்கள்

இதுதான் எல்லாரும் முதலில் செய்யும் வேலை, நேரம் குறைவாகப் பிடிப்பதும் இதுதான். என்டிவிஐக்கு அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இலையில் பச்சையம் சிவப்பை விழுங்கும், இலையின் உள்ளமைப்பு அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும், அந்த இடைவெளியைத்தான் அளக்கிறோம்.

அடர்ந்த காட்டில் என்டிவிஐ உச்சத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. இளம் பிர்ச் புதரும் அறுபது வயதுக் காடும் ஒரே எண்ணைத் தரும். அங்கே குற்றலை அகச்சிவப்பு (அண்மை அகச்சிவப்பைவிட நீண்ட அலை) சேரும் குறியீடுகள் கொஞ்சம் உதவும். தீக்கு என்பிஆர் என்ற குறியீடு, அதாவது மேலே சொன்ன கணக்கில் சிவப்பின் இடத்தில் இரண்டாம் குற்றலை அகச்சிவப்பு. தீக்கு முன் உள்ள மதிப்பிலிருந்து பின் உள்ளதைக் கழித்தால் எரிந்த தீவிரம் தெரியும். 0.27, 0.44, 0.66 என்று ஊரெல்லாம் சுற்றும் எல்லை மதிப்புகள் வட அமெரிக்கக் காடுகளை வைத்து வந்தவை, ஏப்ரல் மாதத்துக் காய்ந்த புல்லுக்கு அவற்றை அப்படியே போடாதீர்கள். 2020 ஏப்ரல் தீக்கு முந்தைய படமாகக் கோடைப் படத்தை எடுத்தால் எரியாத இடமும் எரிந்ததாகத் தெரியும். தீக்குச் சில நாள் முன் உள்ள படமோ, முந்தைய ஆண்டு ஏப்ரலின் படமோ வேண்டும்.

## 9. மாற்றத்தைக் கணக்கிடுங்கள்

இரண்டு ஆண்டுகளை மட்டும் கழித்துப் பார்ப்பது முதல் பார்வைக்கு மட்டும். ஒரு வறண்ட கோடை இடையில் மாட்டினால் முடிவே தலைகீழாகிவிடும். குறைந்தது மூன்று ஆண்டுச் சராசரியை மூன்று ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

முழுத் தொடரும் இருந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் சரிவு காணுங்கள். சாதாரண நேர்க்கோட்டைவிடத் தீல்-சென் சரிவு நல்லது, ஒன்றிரண்டு கெட்ட ஆண்டுகள் அதை இழுத்துப்போடாது. ஆனால் தீ, வெட்டு, நீர் வடிதல் போன்ற திடீர் மாற்றம் உள்ள இடத்தில் ஒரே சரிவு பொய் சொல்லும், அங்கே தொடரை உடைத்துப் பார்க்கும் லேண்ட்ட்ரெண்டர் போன்ற முறை வேண்டும். எதை எடுத்தாலும் உள்ளே வந்த மதிப்பிலிருந்து ஒப்பீட்டுப் பகுதியின் மதிப்பைக் கழித்த கோட்டையும் போடுங்கள். மழையும் கருவியும் செய்த துள்ளலில் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும்.

## 10. போகாமல் சரிபாருங்கள்

மாறிய வகை ஒவ்வொன்றிலும், மாறாத பகுதியிலும் கணினியே தோராயமாகப் புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கட்டும், வகைக்கு ஐம்பதாவது இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்த இடத்தில் நீங்களே புள்ளி வைக்காதீர்கள். ஒவ்வொரு புள்ளியையும் கூகுள் எர்த்தின் பழைய உயர்துல்லியப் படங்களில் பார்த்து, மரமா, புல்லா, வெறும் மண்ணா என்று எழுதுங்கள். வரைபடம் என்ன சொல்கிறது என்று தெரியாத இன்னொருவரும் தனியாக எழுத வேண்டும். இருவரும் எங்கே முரண்படுகிறீர்களோ அங்கேதான் உங்கள் வரைபடமும் திணறியிருக்கும். படம் எடுத்த தேதியைக் கவனியுங்கள், அங்கே காட்டும் படம் பல ஆண்டுப் பழையதாக இருக்கலாம்.

மரத்தின் உயரத்துக்கு ஜெடி என்ற விண்வெளி லேசர் கருவியின் தரவு உண்டு, 2019 முதல். 25 மீட்டர் வட்டப் புள்ளிகளில் காட்டின் உயரம் கிடைக்கும், புல்லையும் மரத்தையும் பிரிக்க இதைவிட நல்ல துணை இல்லை. அது அளப்பது அகலாங்கு 51.6 பாகைவரைதான். செர்னோபில் உலை 51.4-இல் இருப்பதால் மயிரிழையில் உள்ளே வருகிறது, பெலாரூஸ் பக்கத்துக் காடு பெரும்பாலும் வெளியே போய்விடும்.

தீ என்று வரைபடம் சொன்னால் நாசாவின் ஃபிர்ம்ஸ் தளத்தில் அந்த நாட்களின் வெப்பப் புள்ளிகளைப் பாருங்கள். வெப்பப் புள்ளி இல்லாத "தீ" பெரும்பாலும் நிழல் அல்லது மரவெட்டு.

ஃபுகுஷிமாவில் தனியாக ஒரு பொறி. கதிரியக்கத்தை நீக்க வயலின் மேல்மண்ணைச் சுமார் 5 சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தார்கள், பைகளில் கட்டி வயலிலேயே அடுக்கிப் பல இடங்களில் பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். இயல்பு வண்ணப் படத்தில் அது புல்வெளி மாதிரியே தெரியும், அண்மை அகச்சிவப்பில் செத்துப்போயிருக்கும். மாறாக, என்டிவிஐ சரிந்ததைப் பார்த்துத் தாவரம் மடிந்துவிட்டது என்று எழுதினாலும் தப்பு, மனிதர்கள் சுரண்டியது அது. சூரியத் தகடுகள் போட்ட வயலும் இதே மாதிரிச் சரிவைத் தரும், நேரான ஓரங்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

## 11. மேகமே விலகாத இடமா? ரேடாருக்குப் போங்கள்

மான்செராட் போன்ற வெப்பமண்டல மலைத்தீவில் ஓர் ஆண்டுக்கு ஒரு தெளிவான படம் கிடைப்பதே பெரிது. சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும், 2014 முதல் தரவு உண்டு. தாவரத்துக்கு விஎச் முனைவாக்கத்தை (செங்குத்து அலையாகப் போய்க் கிடை அலையாகத் திரும்பும் பகுதியை) பாருங்கள், கிளையும் இலையும் கூடினால் அது பொதுவாக ஏறும். எப்போதும் ஒரே சுற்றுப்பாதை, ஒரே திசை. மண் நனைந்தாலும் எண் ஏறும் என்பதால் பல தேதிகளின் சராசரி வேண்டும். இரட்டையில் ஒன்றான சென்டினல்-1பி 2021 டிசம்பரில் செயலிழந்ததால் அதன்பின் சில ஆண்டுகளுக்குப் படங்கள் குறைவு, அதைத் தாவர மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். மலையின் செங்குத்துச் சரிவுகளை முதலிலேயே வெட்டிவிடுங்கள், அங்கே ரேடார் சொல்வதில் பொருள் இல்லை.

## 12. எழுதி வைப்பது

எந்தத் தொகுப்பு, எந்தச் செயலாக்கப் பதிப்பு, எந்தச் சாளரம், எந்த வீழல், எந்தத் திருத்தம் என்று எல்லாவற்றையும் முடிவுக்கு முன்னால் எழுதுங்கள். பரப்பளவை வெறும் பிக்சல் எண்ணிக்கையாகத் தராதீர்கள். பத்தாவது படியின் புள்ளிகள் சொல்லும் பிழையைச் சேர்த்துத் திருத்தி, கூட்டல் கழித்தல் வரம்போடு தாருங்கள்.

வாக்கியங்களில் கவனம் தேவை. "பசுமைக் குறியீடு ஏறியது" என்று எழுதலாம், "இயற்கை குணமாகிவிட்டது" என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை. விலங்கு, மண், கதிர்வீச்சு எதையும் நீங்கள் அளக்கவில்லை. கண்ணிவெடி இருக்கக்கூடிய பகுதி என்றால், எந்தப் பாதை திறந்து கிடக்கிறது என்று தெரியும் அளவுக்கு வரைபடத்தைப் பெரிதாக்கி வெளியிடாதீர்கள், யாராவது அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவார்கள்.

கடைசியாக அந்த முதன்மை வரைகோட்டுப் படம். மண்டலத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் ஒப்பீட்டுப் பகுதிகளின் கோடுகளையும் அதே அச்சில் போடுங்கள். படம் நெரிசலாக இருக்கிறது, ஒரு கோடு போதுமே என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். எடுக்காதீர்கள்.